39 வயதில் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.: ஒரு நூற்பாலை மேலாளருக்கு எழுதிய பதில்

பிறரும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 39. ஜவுளித் தொழில்நுட்பத்தில் பி.டெக். ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப நிறுவனத்தின் நூற்பாலையில் உற்பத்தி மேலாளராக இருக்கிறீர்கள். அந்த நாற்காலிக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மனைவி ஆசிரியை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கடன் பாதி அடைந்திருக்கிறது. நிர்வாகம் "படிப்பதானால் படியுங்கள், பணம் எதிர்பார்க்காதீர்கள்" என்று சொல்லிவிட்டது. எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வை, அதாவது வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கான எம்.பி.ஏ.வை, வாரக்கடைசியில் பெங்களூருக்குப் போய்ப் படிப்பதா, ஆன்லைனில் முடிப்பதா, வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரமாகப் படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் தொலைபேசியில் அழைத்து "இன்றைக்குள் சேர்ந்தால் கட்டணச் சலுகை" என்று நெருக்குகிறவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: "இதைப் படித்தால் ஜி.எம். (பொது மேலாளர்) ஆவேனா, இல்லை இதே பதவியில்தான் ஓய்வு பெறுவேனா?" எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இதற்குப் பிறகு வருவது. இதற்கு விடை தெரியாமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சேலம், மேட்டூர், நாமக்கல் வட்டார ஆலைகளில் மனிதவளத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மேலாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பதவி உயர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு, வேலையில் இருப்பவர்களுக்கான மேலாண்மை வகுப்புகளில் பாடம் எடுத்தேன். சேர்க்கை நேர்காணல்களும் நடத்தியிருக்கிறேன். எனவே, ஆலையிலிருந்து வருகிறவருக்கு இந்தப் படிப்பு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை நேரில் பார்த்துச் சொல்கிறேன். மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் நடைமுறை வேறு. அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் அந்தத் துறையில் பழகியவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐயத்துக்கு இடமில்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பட்டம், பட்டயம், சான்றிதழ் மூன்றும் வேறு வேறு. எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்ற பெயரையோ அதை நினைவூட்டும் ஒரு பெயரையோ விளம்பரங்களில் மூன்றுக்குமே போட்டுக்கொள்கிறார்கள். ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நெடுங்காலம் முதுநிலைப் பட்டயம்தான் கொடுத்துவந்தன. 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் பட்டம் வழங்கும் அதிகாரம் அவற்றுக்குக் கிடைத்தது. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலோடு பட்டயம் தருகின்றன. ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி. என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் தருவது பட்டமாக அங்கீகரிக்கப்பட்டதல்ல. ஆனாலும் தனியார் நிறுவனங்களிடம் அதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது. தனியார் மில்லிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. நாளைக்கு ஒரு பொதுத்துறை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ, ஐம்பது வயதுக்கு மேல் கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்று தோன்றும்போதோ, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போதோதான் அது உறைக்கும். அப்போது திருத்திக்கொள்ள வழி இருக்காது.

தொலைபேசியில் அழைப்பவர் விற்பது பெரும்பாலும் இந்த மூன்றில் கடைசி வகை. பெரிய கல்வி நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் அதில் இருக்கும். பாடத்தை நடத்துவதில் ஒரு தனியார் இணையக் கல்வி நிறுவனம் பங்காளியாக இருக்கும். எட்டு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஓடும். அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. சில படிப்புகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆனால் அது எம்.பி.ஏ. கிடையாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடித்த பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது நிறுவனத்தின் பெயரில் என்ன பட்டம் கிடைக்கும்? மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்." எழுத்தில் வரும் பதில் பேச்சில் வந்த பதிலைப் போல இருக்காது. கட்டண விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை; ஐ.ஐ.எம்.கள் நடத்தும் குறுகியகாலச் சான்றிதழ்ப் படிப்புகளுக்கு 18 சதவீதம் உண்டு. கட்டணச் சீட்டின் அடியில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று இருந்தால், நீங்கள் வாங்குவது பட்டம்தானா என்று இன்னொரு முறை விசாரிக்க அதுவே போதுமான காரணம்.

தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ பெறும் பட்டத்துக்கு மதிப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நடத்தினால், அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று குழுவே சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கும் சேரும் பருவத்துக்கும் இருக்க வேண்டும். போன ஆண்டு இருந்தது என்பதால் இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுடைய இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. சேருவதற்கு டெப் ஐடி என்ற அடையாள எண்ணையும் மாணவர் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பணத்தை மட்டும் கேட்கும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே ஓர் இணையக் கல்வி நிறுவனம் வழியாகத் தருகிறோம் என்பவர்களைப் பற்றி மானியக் குழு 2023 டிசம்பரில் எச்சரிக்கையே வெளியிட்டது.

இனி இந்தப் படிப்பு உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். ஏற்கெனவே பொறுப்பில் இருக்கும் மேலாளர்களை வேலையிலிருந்து பிரிக்காமலே படிக்கவைப்பது என்ற எண்ணத்தில்தான் சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வைத் தொடங்கியது. அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. சனிக்கிழமை வகுப்பில் கேட்டதைத் திங்கட்கிழமை ஆலையில் செய்துபார்க்க உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இதன் பலன் அமைகிறது. எத்தனையோ பேரைப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது. கல்லூரியின் பெயர், பேராசிரியரின் புகழ் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். என் வகுப்புக்கு ஒரு நூற்பாலை மேலாளர் வந்தார். உற்பத்தியில் கெட்டிக்காரர். ஒரு கதிருக்கு எத்தனை கிராம், ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், கழிவு எத்தனை சதவீதம், எந்த ஷிப்டில் ஆள் குறைவு என்று எதைக் கேட்டாலும் காகிதம் பார்க்காமல் சொல்வார். ஒரு கவுண்டிலிருந்து (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) இன்னொரு கவுண்டுக்கு மாறும்போது இயந்திரம் நிற்கும், கழிவு கூடும், திறன் குறையும். அதனால் ஒரே கவுண்டை நீண்ட நாட்களுக்கு ஓட்டுவது அவர் வழக்கம். மாதாந்திர அறிக்கையில் திறன் அளவு அழகாக இருக்கும், நிர்வாகமும் பாராட்டும். நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், பற்றிய பாடத்தில் எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்தேன்: உங்கள் ஆலையின் கிடங்கில் இன்று கிடக்கும் சரக்குக்கு மாதம் எவ்வளவு வட்டி ஆகிறது என்று கணக்குப் போட்டு வாருங்கள்.

அவர் மூட்டைகளை எண்ணிக் கொண்டுவந்தார். எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். நூறு டன் நூல் கிடக்கிறது, கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்கின் மதிப்பு இரண்டரைக் கோடி. சரக்கை ஈடாக வைத்து வங்கியிடம் வாங்கும் கேஷ் கிரெடிட் கடனின் வட்டி 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 27.5 லட்சம், மாதத்துக்கு ஏறத்தாழ 2.3 லட்சம். அதில் எந்தக் கவுண்ட் ஒரு வாரத்தில் வண்டி ஏறுகிறது, எது ஒன்றரை மாதம் கிடக்கிறது என்று பிரித்தபோது விஷயம் வெளிவந்தது. கவுண்ட் மாற்றாமல் ஓட்டியதால் மிச்சமான கழிவும் மின்சாரமும் ஒரு பக்கம். விற்காத கவுண்ட் கிடங்கில் தூங்குவதற்கான வட்டி இன்னொரு பக்கம். இரண்டாவது தொகை பெரிதாக இருந்தது. தாம் திறமை என்று நினைத்த ஒன்றுக்கு ஆலை பணம் கட்டிக்கொண்டிருந்தது என்பதை அவரே தம் கையால் கண்டுபிடித்தார். அன்று அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, வேறொரு வெளிச்சமும் இருந்தது.

அவர் அதை முதலாளியின் மகனிடம் கொண்டுபோனார். வழக்கமான உற்பத்தி அறிக்கையைப் புரட்டக்கூடச் செய்யாதவர், வங்கி வட்டியின் பாஷையில் வந்த இந்த ஒரு பக்கத்தைக் கவனமாகப் படித்தார். ஒரு கிலோ நூலின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலைதான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பஞ்சை ஒரு கேண்டி (பஞ்சு வியாபாரத்தின் எடை அளவு) என்ன விலைக்கு, எப்போது வாங்குவது என்ற பேச்சில் உற்பத்தி மேலாளருக்குப் பெரும்பாலான மில்களில் இடமில்லை. அடுத்த சில மாதங்களில் அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதவியின் பெயர் உடனே மாறவில்லை. சம்பளமும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் ஜி.எம். ஆகும் வழி அந்தக் கூட்டத்தின் வழியாகத்தான் போகிறது.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் மேலாளர். கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட் பார்த்து விலை போடுவதில் அவரை ஏமாற்ற முடியாது. 90 கிலோ மூட்டையை விலை ஏறும் வரை இருப்பு வைப்பதா, உடனே விற்பதா என்ற கேள்விக்கு வட்டிக் கணக்கைப் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டார். கணக்குப் புத்தகம் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. ஓர் எண்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பயிற்சியையும் பாடப்புத்தகத்து எண்களை வைத்தே செய்து, நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். ஆலையில் எதுவும் மாறவில்லை. படிப்பை முடித்த பிறகு ஓசூரில் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். அவருக்கு அந்தப் படிப்பு வெளியேறும் வாசலாகப் பயன்பட்டது. அதுவும் பலன்தான். ஆனால் அதற்காகத்தான் படிக்கிறோம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், சேலத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளாமல், வேலைமாற்றத்துக்கு உதவும் இடமாகப் பார்த்துச் சேர்ந்திருப்பார்.

ஆகவே ஜி.எம். கேள்விக்கு உங்கள் மில்லிலேயே விடை தேடுங்கள். சேலம் உருக்காலை போன்ற பொதுத்துறையில் என்றால் பதவி உயர்வுக்கு எழுத்துப்பூர்வமான விதிகள் இருக்கும். எந்தப் படிப்பு கணக்கில் வரும் என்பதை அந்த விதியைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். பெரிய குழும நிறுவனங்களில் ஜி.எம். பட்டியலைத் தலைமையகம் பார்க்கும். உங்களை நேரில் அறியாத ஒருவர் காகிதத்தில் உங்களை எடைபோடும்போது படிப்பு கைகொடுக்கும். குடும்ப நிறுவனத்தில் எழுதாத விதிதான் விதி. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் உங்கள் மில்லில் ஜி.எம். ஆனவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளிருந்து உயர்ந்தவர்களா, வெளியிலிருந்து வந்தவர்களா, உறவினர்களா, ஆடிட்டரின் சிபாரிசா? உறவினர் மட்டுமே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், உலகத்தின் எந்தப் பட்டமும் உங்களை அங்கே கொண்டுபோகாது. வெளியிலிருந்து ஒருவரையாவது அழைத்துவந்திருக்கிறார்கள் என்றால் வாய்ப்பு இருக்கிறது. அவர் என்ன தகுதியோடு வந்தார் என்று பாருங்கள்.

அதன் பிறகு எம்.டி.யிடம் (நிர்வாக இயக்குநர்) போய்ப் பேசுங்கள். பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார். "நான் இரண்டு ஆண்டு படிக்கப்போகிறேன் சார். அந்தக் காலத்தில் உற்பத்தி தவிர வேறு எந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்துப் பார்ப்பீர்கள்? பஞ்சுக் கொள்முதல் கூட்டத்தில் உட்காரலாமா? மாதக் கணக்கைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் யோசித்து ஒன்றைச் சொன்னால் படியுங்கள். "அதெல்லாம் எதற்கு உங்களுக்கு" என்று வந்தால், அந்த ஆத்தூர் மேலாளரின் கதைதான் உங்களுக்கும். அதற்கேற்றபடி திட்டமிடுங்கள்.

முழுநேர ஓராண்டுப் படிப்பை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அகமதாபாத், கொல்கத்தா, பெங்களூரு ஐ.ஐ.எம்.கள் அனுபவம் உள்ளவர்களுக்கு அத்தகைய படிப்பை நடத்துகின்றன. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓராண்டுச் சம்பளம் போகும், கட்டணம் பெரிது, முடித்த பிறகு நாற்பது வயதில் புதிய வேலை தேட வேண்டும். வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் நூற்பாலை அனுபவத்தைத் தேடி வருவது அரிது. வீட்டுக்கடனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இந்த அபாயம் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

வாரக்கடைசிப் படிப்பு உங்களைப் போன்றவருக்காகவே ஏற்பட்டது. ஆனால் சேலத்துக்காரருக்கு அதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எம். பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தொப்பூர்க் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஒரு கணக்கு. அதற்கு மேல் நகர நெரிசல் வேறு கணக்கு. போக நாலு மணி, வர நாலு மணி என்பது எல்லாம் நன்றாக நடந்தால் ஆகும் நேரம். வகுப்பு சனி, ஞாயிறா, வெள்ளியும் உண்டா என்று சேரும் முன் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை உண்டு என்றால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். திருச்சி ஐ.ஐ.எம். பணிபுரிவோருக்கான படிப்பைச் சென்னையில் நடத்திவருகிறது. அது சுமார் 340 கிலோமீட்டர் என்றாலும் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியும் முன் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். தூரம் அதிகமாக இருந்தும் சிலருக்கு அதுவே உடம்புக்கு ஒத்துவந்தது; பெங்களூருக்குக் கார் ஓட்டியவர்கள் அதிகமாகச் சோர்ந்துபோனார்கள். சென்னையில் லயோலாவின் மேலாண்மைக் கல்லூரியான லிபா போன்ற இடங்களில் நடக்கும் மாலைநேர வகுப்புகள் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் சரிப்படும்.

முதல் பருவம் உற்சாகத்தில் ஓடிவிடும். மூன்றாவது பருவத்தில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மில் ஞாயிறும் ஓடும். நள்ளிரவில் தொலைபேசி வரும். திங்கள் காலை உற்பத்திக் கூட்டத்தில் கண் எரியும். பிள்ளைகளில் மூத்தவர் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதும் ஆண்டு இந்த இரண்டு ஆண்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறவர். வாரக்கடைசி வீட்டுவேலை முழுவதும் அவர் தலையில் விழப்போகிறது. அதை அவரிடம் வெளிப்படையாகப் பேசி, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்த பிறகே விண்ணப்பம் போடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்களில் பாடம் புரியாமல் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் பேசாமல் சேர்ந்தவர்களே அதிகம்.

கோழிக்கோடு ஐ.ஐ.எம். நெடுங்காலமாக இணையவழி வகுப்பும் இடையிடையே வளாக வருகையும் கலந்த படிப்பை நடத்திவருகிறது. உங்கள் நிலைக்கு நடுவழி அது. வகுப்பு நேரலையில் நடப்பதால் கேள்வி கேட்கலாம், குழுவாக வேலை செய்யலாம், பயணம் குறைவு. எந்த நிறுவனமானாலும் "பதிவு செய்த காணொளியா, நேரலை வகுப்பா" என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அந்த வேறுபாடு கட்டண வேறுபாட்டைவிட முக்கியம். ஏனென்றால் இந்தப் படிப்பில் பாதி கல்வி பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து வருகிறது. மருத்துவமனை நிர்வாகியும், வங்கிக் கிளை மேலாளரும், வாகன உதிரிபாகம் வாங்கும் அதிகாரியும் ஒரே கணக்கை மூன்று விதமாகப் பார்ப்பதை நேரில் கேட்டால், நீங்கள் பதினைந்து ஆண்டு பழகிய நூலையே வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

விதிப்படி "எம்.பி.ஏ." என்ற மூன்றெழுத்து மட்டுமே தேவைப்படுகிறவருக்கு என் பதில் வேறு. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. முழுவதும் ஒரு லட்சம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. சேலத்திலேயே 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது; அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவில் விசாரிக்கலாம். அந்த வழியில் போகிறவர்கள் இலட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையே இல்லை. சொந்தமாக உட்கார்ந்து படிக்கும் கட்டுப்பாடு மட்டும் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். முன்னணி நிறுவனங்களின் வாரக்கடைசிப் படிப்பு இன்று பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 15 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 25,300 ரூபாய். மொத்தம் கட்டுவது 21 லட்சத்துக்கு மேல். வீட்டுக்கடன் தவணையோடு இதைக் கூட்டி, மில்லில் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டு வீட்டுச் செலவைப் போட்டுப் பாருங்கள். சம்பளம் ஏறினால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இந்தக் கடனை வாங்கக் கூடாது. கல்விக்கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியிருந்தால் அது கிடையாது. நிர்வாகம் பணம் தராவிட்டாலும் நேரம் தரலாம்: மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுப்பு, தேர்வு வாரத்தில் இரவு அழைப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்வது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பிற்பாடு மனம் மாறிப் பாதிக் கட்டணம் தருகிறோம் என்று வந்தால், படித்து முடித்த பிறகு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இடையில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்த வரிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எனக்கு நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். "எங்கள் மாணவர்களுக்குச் சராசரியாக இத்தனை சதவீதம் சம்பள உயர்வு" என்ற விளம்பரங்களை நான் நம்புவதில்லை. இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே முன்னேறத் துடிப்பவர்கள். படிக்காமலிருந்தாலும் அவர்களில் பலர் உயர்ந்திருப்பார்கள். படிப்பின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது; விளம்பரம் எழுதுகிறவராலும் முடியாது. தரவரிசைப் பட்டியலில் ஐந்தாவது இடத்துக்கும் பன்னிரண்டாவது இடத்துக்கும் உள்ள வேறுபாடு சேலம் மில் முதலாளியின் அறையில் எதையாவது மாற்றுமா என்றும் எனக்கு ஐயம்தான். முன்னாள் மாணவர் தொடர்பு பெரிய சொத்து என்பார்கள். பெங்களூரில், சென்னையில் இருப்பவர்களுக்கு அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து போய் வருகிறவர்களுக்கு, தாமாக முயன்று பேணிக்கொண்டாலொழிய, அது மெல்லக் கரைந்துவிடுகிறது.

பணம் கட்டும் முன் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மில் பிரைவேட் லிமிடெட் என்றால் அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் இருக்கும். 100 ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எடுத்துப் படியுங்கள். ஆறு ஆண்டு அங்கே உற்பத்தி நடத்தியவர் அதன் இருப்புநிலைக் குறிப்பை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். கூட்டாண்மை நிறுவனம் என்றால் அது கிடைக்காது, அப்போது எம்.டி.யிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பெங்களூரு ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களும், என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் மேலாண்மைப் பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கியலில் ஒரு பாடத்தை எடுத்து, வேலைக்கு நடுவே தொடர்ந்து கேட்டு முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு அந்தப் பாடத்தைத் திறக்க மனம் வந்தால், இரண்டு ஆண்டுப் படிப்பைத் தாங்குவீர்கள்.

கூடவே நுழைவுத் தேர்வுக்கும் தயாராகலாம். ஐ.ஐ.எம்.களின் பொது நுழைவுத் தேர்வான கேட் (CAT) மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும்; ஜிமேட், ஜி.ஆர்.இ. என்ற சர்வதேசத் தேர்வுகளின் மதிப்பெண்கள் ஐந்து ஆண்டு செல்லும். பிள்ளையின் தேர்வுக்காக ஓராண்டு தள்ளிப்போட வேண்டியிருக்கலாம் என்பதால் உங்களுக்கு ஜிமேட் நல்லது. சில நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தேர்வையும் நடத்துகின்றன. பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய மனிதரைத் தேடி அலையாதீர்கள். நீங்கள் ஒரு சிக்கலில் முடிவெடுத்ததை நேரில் பார்த்தவர் எழுதும் நாலு வரிகளைத்தான் நேர்காணலில் நாங்கள் கவனிப்போம். எம்.டி.யிடம் பேசிய பிறகு அவர் சொன்ன பதிலையும், அந்த மில்லில் இதுவரை ஜி.எம். ஆனவர்களின் பட்டியலையும் எழுதி அனுப்புங்கள். எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.